படிக்காம கையெழுத்து போடாதீங்க பிரசிடெண்ட்! புதுசா பதவிக்கு வர்றவங்களுக்கு குற்றாலம் சொல்லும் பாடம்

குற்றாலம்:

மாலை போட்டாச்சு, வேட்டு போட்டாச்சு, தெருத்தெருவா நன்றி சொல்லியும் முடிச்சாச்சு. மறுநாள் காலையில் பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் புது தலைவர் முன்னால் வந்து நிற்பது பேப்பர்தான். "அண்ணாச்சி, இதுல ஒரு கையெழுத்து" என்று நீட்டப்படும் அந்த பேப்பரை படித்துப் பார்த்து போடுகிறாரா, நீட்டிய இடத்தில் எல்லாம் போடுகிறாரா என்பதில்தான் அவருடைய 5 வருஷமும், ஊருடைய 5 வருஷமும் அடங்கியிருக்கிறது.

நெல்லை மாவட்டத்தில் இருந்து பிரிந்து 2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி தென்காசி தனி மாவட்டமானது. இங்கே 10 ஊராட்சி ஒன்றியங்கள், 221 கிராம ஊராட்சிகள், 6 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள் உள்ளன. மாவட்டம் பிரிந்த பிறகு முதல் ஊரக உள்ளாட்சி தேர்தல் 2021-ம் ஆண்டு அக்டோபர் 6, 9-ந்தேதிகளில் நடந்தது. ஜெயித்தவர்கள் அக்டோபர் 20-ந்தேதி பதவி ஏற்றார்கள். 5 ஆண்டு கணக்குப்படி அவர்களுடைய காலம் 2026 அக்டோபர் வரை. குற்றாலம் போன்ற பேரூராட்சிகளில் கவுன்சிலர்கள் 2022 மார்ச் 2-ந்தேதி பதவி ஏற்றதால், அந்த கணக்கு 2027 மார்ச் வரை போகிறது.

ஒவ்வொரு தேர்தலிலும் பாதிக்கு மேல் புதுமுகங்கள் வந்தாலும் ஆச்சரியம் இல்லை. விவசாயக் கூலி, பீடி சுற்றுபவர், டீக்கடைக்காரர், ஆட்டோ டிரைவர், வீட்டு வேலை பார்த்த பெண் என யார் வேண்டுமானாலும் தலைவர் ஆகலாம். சட்டம் தெரியாது என்பது குற்றம் இல்லை. ஆனால் தெரியாமல் போட்ட கையெழுத்துக்கும் போட்டவர்தான் பொறுப்பு. எனவே புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ:

நம்ம எல்லை எது?

முதல் வேலை, ஊர் எல்லையை நடந்து பார்ப்பது. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருந்து வருகிறவருக்கு எல்லாமே குற்றாலம்தான். உள்ளூர் கணக்கு வேறு. பேரருவி இருப்பது குற்றாலம் பேரூராட்சியில். பழைய குற்றாலம் அருவி இருப்பது ஆயிரப்பேரி ஊராட்சியில். செண்பகாதேவி அருவியும் தேனருவியும் காட்டுக்குள்; அது வனத்துறை பொறுப்பு. பழத்தோட்ட அருவி தோட்டக்கலைத்துறை வசம். பேரருவி பக்கத்திலேயே திருக்குற்றாலநாதர் கோவில். கோவில் இடம் என்றால் அறநிலையத்துறை வந்துவிடும்.

ஆக, ஒரே ஒரு குப்பைத்தொட்டி வைக்க வேண்டும் என்றால்கூட "இது யார் இடம்?" என்ற கேள்விதான் முதலில் வரும். தெரியாமல் கை வைத்தால் வேலை பாதியில் நிற்கும். போட்ட பணத்துக்கு தணிக்கையில் கேள்வி வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்த ரோடு பஞ்சாயத்து ரோடு, எது ஒன்றிய ரோடு, எது நெடுஞ்சாலைத்துறை ரோடு, எந்த குளம் யாருடையது என்று முதல் வாரத்திலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சாவியை வாங்கினால் போதாது

பொறுப்பு ஏற்கிறபோது பல இடங்களில் ஆபீஸ் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள். வாங்க வேண்டியது சாவி மட்டுமல்ல. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வங்கி பாஸ்புக், காசோலை புத்தகம், வீட்டுவரி பதிவேடு, குடிநீர் இணைப்பு பதிவேடு, இருப்பு பதிவேடு, நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் கோப்பு, கட்ட வேண்டிய கரண்ட் பில் பாக்கி, கோர்ட் வழக்கு இருந்தால் அதன் கோப்பு - இவ்வளவும் பட்டியல் போட்டு, ஊராட்சி செயலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெற வேண்டும்.

வாங்கியதோடு நிற்காமல் எண்ணிப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, பதிவேட்டில் 60 தெருவிளக்கு என்று இருக்கும். ராத்திரி ஒரு சுற்று சுற்றினால் 52-தான் இருக்கும். அந்த 8 விளக்கு எங்கே என்று முதல் மாதமே எழுத்தில் கேட்டுவிட்டால் அது பழைய கணக்கு. கேட்காமல் விட்டு ஒரு வருஷம் போனால் அது புது தலைவர் கணக்கு!

ஒரு கையெழுத்து பத்தாது

கிராம ஊராட்சியில் தலைவர் ஒருவர் மட்டும் கையெழுத்து போட்டு பணம் எடுக்க முடியாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்து போட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாக தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் தப்பு செய்தால் இன்னொருவர் தடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

நடைமுறையில் இது இரண்டு விதமாக கெட்டுப்போகிறது. ஒன்று, இரண்டு பேருக்கும் ஆகாது. துணைத் தலைவர் கையெழுத்து போட மாட்டேன் என்பார். டேங்க் ஆபரேட்டருக்கு சம்பளம் நிற்கும், மோட்டார் ரிப்பேருக்கு பணம் நிற்கும். கடைசியில் குடத்தை தூக்கிக்கொண்டு மக்கள் ரோட்டுக்கு வருவார்கள். இப்படி காரணம் இல்லாமல் முட்டுக்கட்டை போட்டால், ஊராட்சிகளின் ஆய்வாளராக இருக்கும் கலெக்டர் தலையிட்டு மாற்று ஏற்பாடு செய்ய சட்டத்தில் வழி உண்டு. வட்டார வளர்ச்சி அலுவலர் மூலம் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். ஆபீஸ் வாசலில் சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது விதம் அதைவிட ஆபத்து. இரண்டு பேருக்கும் ரொம்ப ஆகும். "நீங்க போட்டுட்டு போங்க, நான் பிறகு எழுதிக்கிறேன்" என்று வெற்று காசோலையில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெற்று காசோலையிலும், எழுதாத தீர்மானப் பக்கத்திலும் கையெழுத்தே போடக்கூடாது. கணினி வழியாக பணம் அனுப்பும் இடங்களில் டிஜிட்டல் கையெழுத்துக்கு பென் டிரைவ் மாதிரி ஒரு சாவி கொடுப்பார்கள். அதுவும் கையெழுத்துதான். அதையும் ரகசிய எண்ணையும் செயலரிடமோ, காண்டிராக்டரிடமோ, சொந்த மச்சானிடமோ கொடுத்து வைக்கக்கூடாது.

வேலை முடிந்ததாக பில் வந்தால், என்ஜினீயர் அளவெடுத்து எழுதிய அளவுப் புத்தகத்தை பார்க்க வேண்டும். அதில் 100 மீட்டர் வாறுகால் என்று இருந்தால், நேரில் போய் காலால் அளந்தாலே ஓரளவு தெரிந்துவிடும். உள்ளாட்சி தணிக்கை சில வருஷம் கழித்து வரலாம். பதவி போன பிறகும் நோட்டீஸ் வீடு தேடி வரும். ஊராட்சிக்கு ஏற்பட்ட நஷ்டத்தை தலைவர் கையில் இருந்து வசூலிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. தலைவருக்கு அரசு தரும் மதிப்பூதியமோ மாதம் 2 ஆயிரம் ரூபாய்!

வாயால் சொன்னது செல்லாது

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்பது பஞ்சாயத்தில் செல்லாத காசு. தீர்மானப் புத்தகத்தில் இருந்தால்தான் அது நடந்தது. கூட்டத்துக்கு முன்னதாகவே பொருள் என்ன என்று எழுதி உறுப்பினர்களுக்கு கொடுக்க வேண்டும். கூட்டம் முடிந்த அன்றே தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நடுவில் காலி இடம் விடக்கூடாது. எதிர்ப்பு சொன்ன உறுப்பினரின் எதிர்ப்பையும் எழுத வேண்டும்.

வார்டு உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்கு வரும் நோட்டில் கையெழுத்து போட்டு அனுப்புவது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. கூட்டத்துக்கு போகாமல் வீட்டில் போட்ட கையெழுத்து, பிறகு விசாரணை வந்தால் அவர்கள் கழுத்தையே பிடிக்கும். தொடர்ந்து கூட்டத்துக்கு போகாமல் இருந்தாலும் பதவி பறிபோகும்.

கிராம சபை: ஊரே ஆடிட்டர்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 - வருஷத்துக்கு 6 கிராம சபை. முன்பு 4-ஆக இருந்தது. உலக தண்ணீர் தினமும், உள்ளாட்சி தினமும் 2022-ல் சேர்க்கப்பட்டன.

ஆள் கணக்கும் உண்டு. மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3 ஆயிரம் வரை 100 பேர், 10 ஆயிரம் வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். 100 நபர் வர வேண்டிய இடத்தில் 30 பேரை வைத்து, மீதி கையெழுத்தை ரேஷன் கடை வரிசையில் வாங்கி கணக்கு காட்டினால் அந்த தீர்மானத்துக்கு பலம் இல்லை.

பயந்து கிராம சபையை சுருக்கும் தலைவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வரவு செலவை போர்டில் எழுதி வைத்து ஊரை கூட்டி வாசித்துவிட்டால், நாளை யாராவது பொய் புகார் கொடுத்தாலும் ஊரே சாட்சி. தலைவருக்கு பாதுகாப்பு கிராம சபைதான். பேரூராட்சி, நகராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. கவுன்சிலர்கள் அதை கூட்டினாலே பாதி புகார் தெருவிலேயே தீரும்.

பணம் எங்கிருந்து வரும்?

பஞ்சாயத்துக்கு பணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, அரசு தரும் நிதிக்குழு மானியம். இன்னொன்று, வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர் கட்டணம், கட்டிட அனுமதி கட்டணம், கடை உரிமக் கட்டணம் போன்ற சொந்த வருமானம்.

மானியத்தை இஷ்டத்துக்கு செலவழிக்க முடியாது. 15-வது மத்திய நிதிக்குழு காலத்தில், அதாவது 2021 முதல் 2026 வரை, ஊராட்சிக்கு வந்த அந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கு என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த பணத்தில் அலங்கார வளைவு கட்டினால் சிக்கல்தான். எந்த பணம் எதற்கு என்று பி.டி.ஓ. ஆபீசில் கேட்டு, எழுதி வாங்கிவிட்டுத்தான் தீர்மானமே போட வேண்டும்.

குடிநீர், தெருவிளக்கு, வாறுகால், ஊர் ரோடு, சுடுகாடு, குப்பை - இவை ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய கடமைகள் என்று சட்டத்தின் 110-வது பிரிவு சொல்கிறது. மற்றதெல்லாம் பணம் மிஞ்சினால் செய்வது. தேர்தலில் என்ன வாக்குறுதி கொடுத்திருந்தாலும், முதலில் டேங்கில் தண்ணீர் ஏற வேண்டும்.

சீசன் வந்தால் ஊர் தாங்காது

குற்றாலம் பக்கத்து தலைவர்களுக்கு மற்ற ஊர் தலைவர்களுக்கு இல்லாத ஒரு வேலை உண்டு. அது சீசன். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் விழ ஆரம்பித்தால் கார், வேன், பஸ் என்று கூட்டம் அலைமோதும். சனி, ஞாயிறு கேட்கவே வேண்டாம். சில ஆயிரம் பேருக்கு என்று போட்ட கக்கூஸும், குப்பை வண்டியும், தண்ணீர் டேங்கும் பல மடங்கு கூட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கும்.

இங்கே சேரும் குப்பை இங்கேயே நிற்பதும் இல்லை. குற்றாலத்தில் இருந்து இறங்கும் சிற்றாறு தென்காசி வழியாக வயல்களுக்கு பாய்ந்து தாமிரபரணியில் சேருகிறது. அருவிக்கரையில் வீசிய ஷாம்பு பாக்கெட் கீழே உள்ள விவசாயி மடையில் போய் நிற்கும். அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்த ஐகோர்ட்டு மதுரை கிளை தடை விதித்துள்ளது. ஒருமுறை பயன்படுத்தி தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை. தடை போர்டு வைத்துவிட்டு, அதற்கு கீழேயே பாக்கெட் விற்கும் கடைக்கு அனுமதி கொடுத்தால் அர்த்தம் இல்லை. சீசன் கடைகளை ஏலம் விடும்போதே இந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஏலமும் நாலு பேர் அறிய பகிரங்கமாக நடக்க வேண்டும்.

2024 மே 17: மறக்கக்கூடாத நாள்

குப்பையை மறுநாள் அள்ளலாம். உயிரை அள்ள முடியாது. 2024-ம் ஆண்டு மே 17-ந்தேதி பழைய குற்றாலம் அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. அதில் நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் அடித்துச் செல்லப்பட்டு பரிதாபமாக உயிரிழந்தார். அது சீசன்கூட ஆரம்பிக்காத மே மாதம்.

அருவியின் குணம் உள்ளூர்க்காரர்களுக்கு தெரியும். கீழே வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். தண்ணீர் நிறம் மாறி, கட்டை, சருகு, கல் வர ஆரம்பித்தால் நிமிஷத்தில் வெள்ளம் வந்துவிடும். வெளியூர்க்காரருக்கு இது தெரியாது.

அந்த சம்பவத்துக்கு பிறகு, அருவி யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற பேச்சு பலமாக எழுந்தது. வனத்துறை, நீர்வளத்துறை, வருவாய்த்துறை, போலீஸ், தீயணைப்புத்துறை, உள்ளாட்சி என பல துறைகள் கூடும் இடம் இது. எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடும் ஆபத்து உண்டு. இங்கேதான் தலைவரின் கையெழுத்துக்கு வேலை.

சீசனுக்கு ஒரு மாதம் முன்பே ஊராட்சியில் தீர்மானம் போட வேண்டும். அருவிக்கரையில் ஒலிபெருக்கி யார் வைப்பது, மலையில் மழை பெய்தால் தகவலை யார் யாருக்கு சொல்வது, குளிப்பதை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் அந்த இடத்தில் யாருக்கு, உடைந்த கைப்பிடி கம்பியை யார் சரி செய்வது, ராத்திரி விளக்கு யார் பொறுப்பு - ஒவ்வொன்றையும் எழுதி, சம்பந்தப்பட்ட துறைக்கும் கலெக்டருக்கும் அனுப்பி, அனுப்பியதற்கு ரசீது வாங்கி கோப்பில் வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். தன் எல்லைக்குள் இருக்கும் வாகன நிறுத்தம், பாதை, விளக்கு, எச்சரிக்கை போர்டு இவற்றை காத்திருக்காமல் தானே செய்ய வேண்டும். போர்டு தமிழில் மட்டும் இருந்தால் போதாது; கேரளாவில் இருந்து வருபவர்களுக்கு மலையாளத்திலும் வேண்டும். போன் எடுக்க ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும்.

ரிசார்ட் பிளான் வந்தால்...

மலை அடிவார ஊராட்சிகளில் அடிக்கடி வரும் பேப்பர், கட்டிட அனுமதி. தனியார் ரிசார்ட்டுகளில் ஓடைத் தண்ணீரை திருப்பி செயற்கை அருவி அமைத்த விவகாரம் ஐகோர்ட்டு மதுரை கிளை வரை போனது. 2022-ல் கோர்ட்டு இதை கடுமையாக எடுத்துக்கொண்டு நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. தென்காசி மாவட்டமும் இதில் அடிபட்டது.

வீடு கட்ட வரும் கூலித் தொழிலாளியின் பிளானை மாதக்கணக்கில் இழுத்துவிட்டு, ரிசார்ட் பிளானை ஒரே நாளில் பாஸ் செய்தால் ஊர் பேசும். சிறிய வீடுகளுக்கு 2024 ஜூலையில் இருந்து சுய சான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இது பொருந்தும். இதை ஊருக்கு சொல்லிக் கொடுத்தாலே புரோக்கர்கள் ஓடிவிடுவார்கள். பெரிய கட்டிடம் என்றால் நகர் ஊரமைப்பு துறை, தீயணைப்பு, வனம், நீர்வளத்துறை சான்று பார்க்காமல் கை வைக்கக்கூடாது.

"தலைவர் வீட்டுக்காரர்" வேண்டாம்

தமிழ்நாட்டில் உள்ளாட்சி பதவிகளில் 50 சதவீதம் பெண்களுக்கு. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு இது வந்தது. ஆனால் பெயர்ப்பலகையில் மனைவி பெயர், நாற்காலியில் கணவர் என்ற கதை இன்னும் தீரவில்லை. பில்லில் கோளாறு வந்தால் போலீசும் தணிக்கையும் தேடுவது கையெழுத்து போட்டவரைத்தான். "எங்க வீட்டுக்காரர்தான் பார்த்தார்" என்ற பதில் எடுபடாது. படிக்கத் தெரியாவிட்டால் மகளையோ, நம்பிக்கையான ஒருவரையோ வாய்விட்டு வாசிக்கச் சொல்லி கேட்டுவிட்டு கையெழுத்து போடலாம். அதில் வெட்கம் இல்லை.

தனித்தொகுதி தலைவர்களுக்கு வேறு சோதனை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியல் இன பெண் தலைவரை கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாடே அதிர்ந்தது, வழக்கும் பதிவானது. மதுரை மாவட்டம் மேலவளவில் 1997-ல் ஊராட்சி தலைவர் முருகேசன் உள்பட 6 பேர் கொல்லப்பட்டதையும் மறக்க முடியாது. பட்டியல் இன தலைவரையோ உறுப்பினரையோ வேலை செய்ய விடாமல் தடுப்பது வன்கொடுமை தடுப்பு சட்டப்படி குற்றம். நாற்காலி தராவிட்டாலும், கொடியேற்ற விடாவிட்டாலும், சாவியை ஒளித்து வைத்தாலும் அன்றே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

பதவிக்கு வேட்டு வைக்கும் விஷயங்கள்

* தேர்தல் செலவு கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 3 வருஷம் போட்டியிட தகுதி இழக்க நேரிடும். தோற்றவர்களுக்கும் இது உண்டு.

* தான் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கும் ஊராட்சியின் காண்டிராக்டில் பங்கு இருந்தால் பதவி போய்விடும்.

* உள்ளாட்சி பிரதிநிதியும் சட்டத்தின் கண்ணில் பொது ஊழியர்தான். லஞ்சம் வாங்கினால் லஞ்ச ஒழிப்பு போலீஸ் வரும். உள்ளாட்சி முறை மன்ற நடுவரிடமும் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம்.

* தகவல் உரிமை சட்டத்தில் ஒருவர் தீர்மான நகல் கேட்டால் எதிரியாக நினைக்கக்கூடாது. 30 நாளுக்குள் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

மக்களும் கேட்க வேண்டும்

ஓட்டு போட்டதோடு வேலை முடிந்தது என்று மக்களும் இருந்துவிடக்கூடாது. கிராம சபைக்கு போய் மூன்று கேள்வி கேட்டால் போதும். போன மூன்று மாதத்தில் எவ்வளவு வந்தது? எவ்வளவு போனது? யார் பெயருக்கு போனது? பதில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த கிராம சபை எந்த தேதியில், எந்த இடத்தில் என்பதை ஊராட்சி அலுவலக அறிவிப்பு பலகையில் பார்த்துக்கொள்ளலாம்.